எட்டுச் சொல்லில் ஒரு திறப்பு

மட்டக்களப்பில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சங்கத்துக்கு, அவர்களுடைய பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் பூட்டி வைக்கும் வேலையைச் செய்து கொடுத்தேன். சங்கத்தின் பெயரையும் அது இருக்கும் ஊரையும் எழுதப்போவதில்லை. செய்த முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன். மாதர் சங்கங்களும், காணிப் பிரச்சினைக்காக அலையும் ஊர்க் கமிட்டிகளும், நம் பக்கத்துச் சின்னப் பத்திரிகைக்காரர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே இருந்தது இரண்டு இரும்பு அலுமாரி நிறையக் கோப்புகள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள், அடையாள அட்டைப் படங்கள், ஒரு பெட்டி கசெட்டுகள். பழைய தாள்கள் 1990ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அந்தச் செப்டம்பரில்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள்; சில நாட்களில் சத்துருக்கொண்டான் படுகொலை நடந்தது. மங்கிப்போன அந்தத் தாள்களுக்கு வேறெங்கும் மாற்றுப் பிரதி கிடையாது. 2004 சுனாமியில் கல்லடியிலும் திருக்கோவிலிலும் வீட்டோடு சேர்ந்து போன கடுதாசிகளை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் யாரோ கொடுத்த ஒரு பழைய லப்டொப்பை நீட்டி, "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணித் தாங்க தம்பி" என்றார்கள்.

ஸ்கேன் பண்ணுவது சுலபம். பிறகு வருவதுதான் பாரம். இரண்டு அலுமாரியைத் தூக்கிப்போக லொறி வேண்டும்; ஊரே பார்த்திருக்கும். ஸ்கேன் செய்துவிட்டால் ஒரு பென் டிரைவ் போதும், எடுத்ததே தெரியாது. ஆகவே பூட்டு முதலில், ஸ்கேனர் பிறகு என்று பேசிக்கொண்டோம்.

யாருக்குத் தெரியக்கூடாது?

மென்பொருள் ஒன்றையும் இறக்குவதற்கு முன் எல்லாரையும் இருத்திவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டேன். இதற்குப் பதில் இல்லாமல் செய்கிற பாதுகாப்பு எல்லாம் வீண்.

தலைவி அம்மா உடனே சொன்னார்: "பேர் லிஸ்ட்டத்தான் கேட்டு வாறாங்க. ஆர் கூட்டத்துக்கு வந்த, ஆர் காசு அனுப்பின எண்டு. சீருடை போட்டும் வாறாங்க, போடாமலும் வாறாங்க." பொருளாளர் அக்கா வெள்ளத்தைச் சொன்னார், கறையானைச் சொன்னார். கடைசியில் மூலையில் இருந்த ஒரு அம்மா, "எனக்கு அவங்களப் பயமில்ல மகன். என்ட மருமகன் பாக்கக் கூடாது" என்றார். மறுகா அவர் வேறொன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆணைக்குழு முன் சொன்னதை வீட்டில் சொல்லாதவர்கள் இங்கே பலர்.

அந்த ஒரு வசனம் வேலையின் வடிவத்தையே தீர்மானித்தது. வெளியாருக்கு ஒரு பூட்டுப் போட்டால் மட்டும் போதாது. சங்கத்துக்குள்ளேயும் ஒவ்வொருவருக்கும் தன் கதைமேல் தனி அதிகாரம் வேண்டும். இந்தப் பெண்கள் 2010இல் அமைக்கப்பட்ட 'கற்றுக்கொண்ட பாடங்கள்' ஆணைக்குழுவுக்கும், 2013க்குப் பிறகு காணாமல் போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்கும், 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதன் பிரதி இன்று எந்த மேசையில், எந்தக் கணினியில் கிடக்கிறது, யார் வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பிள்ளையைப் பற்றிய கதையையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை தனியுரிமை என்பது இதுதான். ஒளிக்க ஏதாவது இருக்கிறதா என்பது அதில் இரண்டாம் பட்சம். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைச் சொல்பவரே முடிவு செய்ய வேண்டும்.

சர்வதேசச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை ஒருவருடைய அந்தரங்கம், குடும்பம், வீடு, கடிதத் தொடர்பு ஆகியவற்றில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. 2013 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இணையத்துக்கு வெளியே மக்களுக்கு உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. நம் அரசியலமைப்பிலோ அந்தரங்கம் ஒரு தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் தகவல் அறியும் உரிமைக்கான 14அ உறுப்புரை வந்தபோது, தகவல் கொடுக்க மறுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக அது உள்ளே வந்தது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தொடக்கம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நிற்கிற நாட்டில், ஒரு தாய் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி லப்டொப்பைத் திறந்து வைத்திருக்க முடியாது.

பழைய டிஸ்க்

கொடுத்த லப்டொப்பில் சங்கத்தின் பழைய கடிதங்களும் கூட்டப் படங்களும் இருந்து, பிறகு அழிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இடையில் அது ஒரு முறை திருத்தவும் போய் வந்திருக்கிறது. தலைவி அம்மா பக்கத்தில் இருக்க, ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். அழித்த படங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பி வந்தன. ஒன்றையும் திறக்கவில்லை, எண்ணிக்கை ஏறுவதை மட்டும் அவருக்குக் காட்டினேன். அழி என்று சொன்னால் கணினி அந்தக் கோப்பின் விலாசத்தை மட்டும்தான் மறக்கிறது. உள்ளே இருப்பது, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். திருத்தக் கடையில் இருக்கும் எந்தப் பொடியனுக்கும் இந்தக் கருவியை ஓட்டத் தெரியும். போனையும் லப்டொப்பையும் திருத்தக் கொடுத்துப் படங்கள் வெளியே போய், அவமானத்தில் ஒடுங்கிப்போன பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இதைச் சின்னக் களவாக யாரும் பேசக்கூடாது.

சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒரு தடவை பூச்சியத்தால் மேலெழுதினால் போதும். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை என்ற கதை பழைய காலத்தது. ஆனால் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்), பென் டிரைவ், மெமரி கார்ட் ஆகியவற்றில் மேலெழுதுவதை நம்ப முடியாது. அவை தேய்மானத்தைப் பகிர்வதற்காக ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். பழையது ஒரு மூலையில் தங்கிவிடும். அவற்றுக்கு ஒரே நல்ல வழி, முதல் நாளிலிருந்தே பூட்டி எழுதுவது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறையாக்கி எழுதுவது. பழைய டிஸ்கை மேலெழுதிய பின் கழற்றி, தட்டுகளைச் சுத்தியலால் உடைத்து, புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டேன்.

லப்டொப்பைத் தெரிவுசெய்யும்போது ஒன்று பார்க்க வேண்டும். பூட்டித் திறக்கும் கணக்கை வேகமாகச் செய்ய ஏ.இ.எஸ். என்ற மறையாக்க முறைக்கான கட்டளைகள் சிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய ஐ3 சிப்புகள் சிலவற்றில் அது கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில், கிரிப்ட்செட்டப் என்ற பூட்டுக் கருவியின் பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) ஓட்டினால் வேகம் உடனே தெரியும். இந்த லப்டொப்பில் கட்டளைகள் இருந்தன, தப்பித்தோம். நினைவகம் 4 ஜிபிதான், அதற்கு லினக்ஸ் மின்டின் இலகுவான பதிப்பு போதுமாக இருந்தது. நிறுவும்போதே முழு டிஸ்கையும் பூட்டும் தெரிவை இட்டேன். லினக்ஸில் இந்தப் பூட்டுக்கு லக்ஸ் என்று பெயர்.

திறப்புச் செய்தது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என்ன கடவுச்சொல் வைக்கலாம் என்று கேட்டபோது கிட்டத்தட்ட எல்லாருமே காணாமல் போன பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். போனிலும் அதுதான், முகநூலிலும் அதுதான். அந்தப் பெயர் ஒவ்வொரு மனுவின் முதல் வரியிலும் இருக்கிறது. தேடி வருபவர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அதைத்தான். அதை அவர்களிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. செயலாளர் அக்காவே மெல்ல எடுத்துச் சொன்னார்.

மனிதர் தாமாக யோசித்து வைக்கும் சொல்லை ஊகிக்கலாம். பகடை உருட்டி வருவதை ஊகிக்க முடியாது. ஆங்கிலத்தில் 7,776 சொற்கள் கொண்ட ஆயத்தப் பட்டியல்கள் உண்டு, ஐந்து பகடை உருட்டி ஒரு சொல்லை எடுப்பார்கள். இங்கே ஆங்கிலம் சரிவராது. ஆகவே நாங்களே தமிழில் 216 சொற்களுக்குப் பட்டியல் போட்டோம். மூன்று பகடை உருட்டினால் வரக்கூடிய சேர்க்கைகள் அவ்வளவு. பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: பாரை, கணவாய், கொடுவா, சுளகு, அகப்பை, உறி, வட்டை, வரம்பு, வாடி, கண்டல், நாவல், பனங்காய். ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம் என்று அவர்களே விலக்கினார்கள். லூடோப் பெட்டியிலிருந்து பகடை எடுத்து, ஒவ்வொருவரும் தனியாக ஒரு மூலையில் இருந்து உருட்டி, எட்டுச் சொல் எடுத்தார்கள். நான் வெளியே நின்றேன்.

எட்டுச் சொல் போதுமா? 216ஐ எட்டுத் தடவை பெருக்கினால் ஏறத்தாழ 47,000 கோடி கோடி வருகிறது. பட்டியலே ஒருவர் கையில் கிடைத்து, விநாடிக்குப் பத்து இலட்சம் சேர்க்கை முயன்றாலும் எல்லாவற்றையும் முயன்று முடிக்க 150,000 ஆண்டு ஆகும். உண்மையில் அந்த வேகத்துக்கு வரவே பெரும்பாடு. லக்ஸின் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு முயற்சிக்கும் வேண்டுமென்றே நேரத்தையும் நினைவகத்தையும் தின்னும்படி ஆக்கப்பட்டிருக்கிறது. எட்டுச் சொல்லையும் கோர்த்து ஒரு சின்னக் கதையாக நினைவில் வைக்கச் சொன்னேன். கொடுவா மீன் உறியில் ஏறி வட்டைக்குப் போனது என்பது போல. முதல் வாரம் தினமும் தட்டவேண்டும், பிறகு மறக்காது.

அடுத்த சிக்கல், தமிழில் எப்படித் தட்டுவது? கணினி எழும்பும்போது வரும் பூட்டுத் திரைக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில விசைப்பலகை மட்டும்தான். இங்கே பாமினி கைகொடுத்தது. சங்கத்தில் கடிதம் அடிக்கும் இருவரும் பல ஆண்டாகப் பாமினியில் அடித்துப் பழகியவர்கள், மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். பாமினி ஒரு எழுத்துருதான். உள்ளே போவது வெறும் ஆங்கில விசைகள். 'அம்மா' என்று தட்டினால் கணினி வாங்குவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் தமிழ் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தமிழ் தெரிகிறது. இதனால் பூட்டு கூடுதல் வலு பெற்றுவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம், வலு பகடையிலிருந்துதான் வருகிறது. பாமினி தருவது, தன் மொழியில் நினைத்துத் தன் கையால் திறக்கும் வசதி. அது சிறிய விஷயமா? இந்தப் பக்கம் பாதுகாப்புப் பயிற்சி என்று வருபவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்தத் தாள் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

இரண்டு கவனம். பூட்டுத் திரையின் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், பிரித்தானிய அமைப்பில் சில குறிகள் இடம் மாறும். பாமினியில் விசித்திரக் குறிகள் தேவைப்படும் சொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், எழுத்தும் அரைப்புள்ளியும் போதும். யூனிகோட் தமிழில் நேரடியாகக் கடவுச்சொல் வைக்கும் ஆசை இருந்தால், கோப்புகளைப் பூட்டி வைக்கும் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் 128 பைட்டுக்கு மேல் வாங்காது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'அம்மா' மட்டுமே 15 பைட். எட்டுச் சொல் எளிதில் தாண்டிவிடும்.

லக்ஸின் பெரிய வசதி, ஒரே டிஸ்கைத் திறக்கப் பல திறப்புகள் வைக்கலாம். இரண்டாம் பதிப்பில் 32 வரை இடம் உண்டு. நாங்கள் மூன்று பேருக்கு மூன்று திறப்பு வைத்தோம். ஒருவர் விலகினால், அல்லது அவரை மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், அவருடைய திறப்பை மட்டும் நீக்கலாம், மற்றவர்களுடையது அப்படியே இருக்கும். எனக்கு ஒரு திறப்பும் வைக்கவில்லை. நிறுவும்போது நான் இட்ட தற்காலிகச் சொல்லை அவர்கள் கண்முன்னே நீக்கினேன். திருத்துபவன் கையில் திறப்பு இருந்தால் அந்த வீடு அவனுடையது.

டிஸ்கின் தொடக்கத்தில் லக்ஸின் தலைப்பகுதி இருக்கிறது. அது பழுதானால் சரியான எட்டுச் சொல் இருந்தும் ஒன்றும் திறக்காது, ஆகவே அதற்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. பிரதி எடுத்த நாளில் இருந்த திறப்புகள் எல்லாம் அந்தப் பிரதிக்குள்ளும் இருக்கின்றன. பிறகு ஒருவருடைய திறப்பை லப்டொப்பிலிருந்து நீக்கினாலும், பழைய பிரதியைத் திரும்பப் போட்டு அவருடைய சொல்லால் திறந்துவிடலாம். திறப்பு மாறினால் பிரதியும் மாறவேண்டும், பழையது அழியவேண்டும்.

இன்னொன்று. இந்தப் பூட்டெல்லாம் கணினி முழுதாக அணைந்திருந்தால்தான் வேலை செய்யும். மூடியைச் சாத்தினால் அது உறங்குகிறது, திறப்பு நினைவகத்தில் கிடக்கிறது. மூடியைச் சாத்தினால் முழுதாக அணையும்படி அமைப்பை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எட்டுச் சொல் தட்டவேண்டியிருக்கிறதே என்று முதலில் முணுமுணுத்தார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் மூடியைச் சாத்தினாலே போதும் என்றதும் பொருளாளர் அக்கா, "அது நல்லது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஸ்கேனும் பெயரும்

போனில் ஸ்கேன் செய்யும் இலவசச் செயலிகளை வேண்டாம் என்றேன், பல படத்தை எங்கோ ஒரு சேர்வருக்கு ஏற்றிவிடும். மேசை ஸ்கேனர் ஒன்று இரவல் வாங்கி, 300 டி.பி.ஐ.யில் நேரடியாகப் பூட்டிய டிஸ்குக்குள் எடுத்தோம். கோப்புக்கு ஆளின் பெயர் வைப்பதில்லை, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற பதிவேடு தனியே ஒரு வெராகிரிப்ட் பெட்டகத்துக்குள். மருமகன் பார்க்கக்கூடாது என்றவரைப் போல் கேட்டுக்கொண்டவர்களின் வாக்குமூலங்களுக்கு ஆளுக்கொரு பெட்டகம், அதன் எட்டுச் சொல் அவரிடமும் அவர் தெரிவுசெய்த இன்னொருவரிடமும் மட்டும்.

போனில் எடுத்த படங்களில் எடுத்த இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸிஃப்டூல் கொண்டு மொத்தமாகக் கழற்றினோம். அதற்கு முன் அந்தத் திகதியைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம், அது நாளைக்குச் சாட்சியமாகத் தேவைப்படலாம். கண்மூடி எல்லாவற்றையும் துடைப்பது இந்த வேலைக்குப் பொருந்தாது.

பிரதி இரண்டு. இரண்டும் வெளி டிஸ்க், இரண்டும் லக்ஸ் பூட்டு. ஒன்று ஊரில், மற்றது அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு நம்பிக்கையான வீட்டில். வெள்ளம் ஒரே நாளில் இரண்டு இடத்தையும் எடுக்காது என்பது ஒரு கணக்கு, தேடி வருபவர்கள் இரண்டையும் எடுக்கமாட்டார்கள் என்பது இன்னொரு கணக்கு. பிரதி எடுத்தால் போதாது, திறந்து பார்க்கவேண்டும். நான் இல்லாமல், வேறொரு லப்டொப்பில், அவர்களே கரையோர டிஸ்கைச் செருகி ஒரு கோப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் இந்தப் பகுதி முடிந்ததாக எழுதிக்கொண்டேன்.

போன்

உளவு என்றதும் போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகசஸ் மென்பொருள் போன்ற பெரிய ஆயுதங்களைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது உண்மையான ஆபத்து. 2021 ஜூலையில் பல நாட்டு ஊடகங்கள் சேர்ந்து வெளிக்கொண்டு வந்த விடயம் அது. ஆனால் இங்கே போன்களைப் பார்த்தபோது வாசல் அதைவிடச் சுலபமாகத் திறந்து கிடந்தது. ஒருவருடைய வாட்ஸ்அப்பில், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில், அவர் அறியாத ஒரு கணினி இருந்தது. எப்போதோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் படிவம் ஒன்றைப் பிரதி எடுக்கத் திறந்தது, மூடப்படவே இல்லை. அன்றிலிருந்து அவருடைய அரட்டை எல்லாம் அந்தக் கடையிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதை வாசிப்பவர்கள் இப்போதே போனை எடுத்து அந்த ஒரு பகுதியைப் பாருங்கள்.

மற்றவை வேகமாக: வாட்ஸ்அப்பின் இரண்டு படி உறுதிப்படுத்தலுக்கு ஆறு இலக்கம். திரைப்பூட்டுக்குக் கைரேகை வேண்டாம், இலக்கம் வையுங்கள். விரலைப் பிடித்து வைத்தும் திறக்கலாம். பூட்டிய திரையில் செய்தி தெரியாமல் அமைக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கும்படி பூட்டுவது) 2016இலேயே எல்லாருக்கும் வந்துவிட்டது, ஆனால் கூகுளில் சேமிக்கப்படும் பிரதி தானாகப் பூட்டப்படுவதில்லை. அந்த வசதி 2021இல் தனியாக வந்தது, நாமேதான் போட வேண்டும். கூட்டத்துக்கு யார் வருவது போன்ற பேச்சு எல்லாம் சிக்னல் என்ற செயலிக்கு மாறியது, ஒரு வாரத்தில் தானாக மறையும்படி.

ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சிக்னல் பேச்சைத்தான் மறைக்கும். போன் எந்தக் கோபுரத்தின் கீழ் நின்றது, யாருக்குச் சாதாரண அழைப்பு எடுத்தது என்பது தொலைபேசி நிறுவனத்தில் இருக்கும், சிம் நம் அடையாள அட்டையில் இருக்கிறது. போராட்டத்துக்குப் போகிறவர் போனை வீட்டில் விட்டுப் போகலாமா என்று கேட்டார்கள். போகலாம். ஆனால் வழியில் யாராவது மறித்தால் சட்டத்தரணிக்கு அழைக்க ஒன்று வேண்டுமே. அவர்கள் எடுத்த முடிவு, மூவருக்கு ஒருவர் போனோடு போவது.

இணையம் நிற்கும் நாள்

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற பொய்யில் முஸ்லிம் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது கண்டிப் பக்கத்துத் திகனவுக்குப் பரவி, மார்ச் 7இல் அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபரை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21 இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு வகுப்புக்குப் போன சிறுவர்கள் பலர் இறந்த அன்றும் நிறுத்தினார்கள். ஊர் முழுக்க ஆளை ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 2022 ஏப்ரல் 3இல் மீண்டும். வெறுப்பைப் பரப்பிய பதிவுகள் உயிரைக் குடித்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018இல் தன் பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்பும் கேட்டது. அதற்காக முழு நாட்டின் வாயையும் பொத்துவதை ஏற்க முடியாது; பதில் சொல்லவேண்டிய நேரத்தில், தாக்கப்பட்டவர்களின் வாயும் சேர்ந்தே பொத்தப்படுகிறது. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்று எது என்று பார்க்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவுக்குப் போனபோது இந்தப் பெண்கள் கேட்ட கேள்வி நேரடியானது: "பிள்ளைய ஆமி கொண்டுபோன எண்டு நாங்க போட்டா, அது பொய்யெண்டு ஆர் சொல்றது?"

ஆயத்தம் இவ்வளவுதான்: தடையைச் சுற்றிக்கொண்டு தளங்களைத் திறக்க உதவும் டோர் உலாவியும் ஒரு வி.பி.என். செயலியும் முன்கூட்டியே போனில் இருக்கவேண்டும், தடை வந்த பிறகு இறக்க முடியாமல் போகலாம். டோர் நேரடியாகத் திறக்காவிட்டால் அதற்குள்ளேயே இருக்கும் ஸ்னோஃப்ளேக் பாலம் என்ற மாற்றுப் பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும், அதைச் செய்து பழகினோம். இலவச வி.பி.என். என்றால் அதை நடத்துபவர் நீங்கள் போகும் இடத்தை எல்லாம் பார்க்கலாம், தெரியாத ஒன்றைப் போடுவதற்குப் போடாமல் விடலாம். எல்லாமே நின்றால் யார் யாருக்குச் சாதாரண அழைப்பு எடுப்பது என்று ஒரு சங்கிலியைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். உறுப்பினர் ஒருவரின் மகன் ஊனி புரோப் என்ற செயலியைத் தன் சொந்தப் போனில் ஓட்ட முன்வந்தார். எந்தத் தளம் எந்த நிறுவனத்தின் வழியே திறக்கவில்லை என்பதை அளந்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் செயலி அது. தடை நடந்ததற்கு அது சான்று. சங்கத்தின் போனில் அதை ஓட்டவேண்டாம் என்றேன். சோதனைக்காக அது பலவிதமான தளங்களைத் தட்டும், அந்தத் தட்டலும் நிறுவனத்தின் பதிவில் விழும்.

நீக்கச் சொன்னவர்

பாதி அலுமாரி முடிந்திருந்தபோது ஒரு அம்மா வந்து, தன் வாக்குமூலத்தை எடுத்துவிடச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். சங்கத்துக்குள் இதைப் பற்றி வாக்குவாதம் வந்தது. வழக்கு ஒன்று வந்தால் வேறு சாட்சி இல்லையே என்றார் செயலாளர் அக்கா, அதில் நியாயமும் இருந்தது. கடைசியில் தலைவி அம்மா, "அது அவட. அவ கேட்டாக் குடுக்கத்தான் வேணும்" என்றார்.

அவருடையது தனிப் பெட்டகத்தில் இருந்ததால் வேலை சுத்தமாக முடிந்தது. எஸ்.எஸ்.டி.யில் அழித்ததன் மிச்சம் எங்காவது கிடந்தாலும், பெட்டகத்தின் எட்டுச் சொல் இல்லாமல் அதை வாசிக்க முடியாது. அந்தச் சொல் அவரிடமும் அவர் தெரிவுசெய்தவரிடமும்தான் இருக்கிறது, மறந்துவிடுவது அவர்கள் விருப்பம். கரையோர டிஸ்கை வரவழைத்து அதிலும் ஊர் டிஸ்கிலும் நீக்கினோம். பதிவேட்டில் இலக்கத்துக்கு நேரே 'நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி, பெயரை எடுத்தோம். மூலத் தாளை ஒப்பமிட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஸ்கேன் செய்யுமுன் ஒவ்வொருவரிடமும் வாசித்துக் கேட்கும் தாளில் மூன்று கேள்விகள் சேர்ந்தன. இதை யார் பார்க்கலாம், உங்களுக்குப் பிறகு யார் முடிவெடுக்கலாம், எப்போதாவது நீக்க வேண்டுமென்றால் எப்படிச் சொல்லியனுப்புவீர்கள். எழுதவாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பதிலைக் குரலில் பதிந்து அவர்களுடைய பெட்டகத்துக்குள்ளேயே வைக்கிறோம். கசெட்டுகள் இன்னும் தொடங்கவில்லை. நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, ஓடக்கூடிய ஒரு நல்ல டெக் வேண்டும். பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை, அவர்களுடைய பிள்ளைகளைத் தேடிப்போய் அந்த மூன்று கேள்வியையும் கேட்ட பிறகுதான் முதல் கசெட்டைப் போடுவதாக இருக்கிறோம்.